டயப்பர் குப்பை: எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைக் கூடாது?

டயப்பரால் சுற்றுச்சூழலுக்கு உண்மையில் எவ்வளவு கேடு, பயன்படுத்தியதைத் தூக்கி எறியாமல் பூந்தொட்டி, செடிக்கு உரம் என்று வீட்டிலேயே எதற்காவது மாற்ற முடியுமா என்பது கேள்வி. பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய டயப்பரை வீட்டில் எதற்கும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், யூடியூபில் எத்தனை வீடியோ இருந்தாலும் சரி. கட்டாமலே மிஞ்சிப்போன டயப்பர் வேறு விஷயம். அதை வைத்துச் செய்ய நிறைய இருக்கிறது. பயன்படுத்தியதையும் மறுசுழற்சி செய்ய முடியும், சில நாடுகளில் செய்தும் வருகிறார்கள். ஆனால் அதற்கு ஆலை வேண்டும், தனியாகக் குப்பை எடுக்கும் ஏற்பாடு வேண்டும். குப்பை தரம் பிரிக்கும் இடங்களோடு வேலை நிமித்தம் பழகுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு புது டயப்பரைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். குழந்தையின் தோலில் படுகிற மேல்பக்கம் துணி போலத் தெரிந்தாலும் அது பாலிபுரொப்பிலீன் இழைகளை ஒட்டிச் செய்தது. வெளிப்பக்கம் பாலிஎத்திலீன் தாள். இடுப்பிலும் தொடையிலும் எலாஸ்டிக், ஓரங்களில் பசை, இழுத்து ஒட்ட ஒரு பட்டை. நடுவில் பஞ்சாக இருப்பது பருத்தி இல்லை, மரக்கூழ். அந்தக் கூழைப் பிரித்து ஒரு தட்டில் உதறினால் வெள்ளைத் துகள்கள் கொட்டும். சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். டயப்பரின் மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது. அரை ஸ்பூன் துகளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முழுவதும் ஊறிய ஜவ்வரிசி போலக் கெட்டியாகும். டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது. அதன் மேல் உப்பைத் தூவிக் கலக்குங்கள், ஜெல் தளர்ந்து தண்ணீர் வெளியே வரும். நல்ல தண்ணீரில் தன் எடையைப் போல சில நூறு மடங்கு குடிக்கிற இந்தத் துகள், சிறுநீரில் உப்பு இருப்பதால் சில பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல சோதனை. துகள் மூக்கில், கண்ணில் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

இந்த வகைத் துகளின் முன்னோடி முதலில் டயப்பருக்காகப் பிறந்ததில்லை. 1960-களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் ஒன்று, இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்க மாவுச்சத்திலிருந்து இப்படி ஒரு பொருளை உருவாக்கியது. அதே பியோரியாவில்தான் 1961-இல் பேம்பர்ஸ் முதன்முதலாகச் சோதனை விற்பனைக்கு வந்தது என்பது தற்செயல். அப்போது டயப்பரில் இந்த ஜெல் கிடையாது, கூழ் மட்டும்தான், பருமனாக இருக்கும். 1980-களில் ஜப்பானில் ஜெல் டயப்பருக்குள் புகுந்த பிறகே இன்று நாம் பார்க்கும் மெல்லிய டயப்பர் வந்தது.

சரி, கேடு எவ்வளவு? இணையம் முழுக்கச் சுற்றும் ஒரு வாசகம், 'ஒரு டயப்பர் மக்க 500 வருடம் ஆகும்' என்பது. பிளாஸ்டிக் டயப்பர் பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்தே எழுபது வருடம் ஆகவில்லை, அதனால் 500 என்பதை யாரும் உட்கார்ந்து அளந்திருக்க முடியாது. அது மதிப்பீடு. பிளாஸ்டிக்கும் ஜெல்லும் நம் ஆயுளில் மக்காது என்று புரிந்துகொண்டால் போதும். உறுதியாகச் சொல்லக்கூடிய எண்கள் வேறு உண்டு. நாளைக்கு ஐந்தாறு வீதம் இரண்டரை வருடம் கட்டினால் ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய ஐந்தாயிரம் டயப்பர். நனைந்த டயப்பர் ஒன்றை 200 கிராம் என்று வைத்தால் ஒரு டன் குப்பை. நம் ஊரில் பல வீடுகளில் ராத்திரிக்கு ஒன்று, வெளியே போனால் ஒன்று என்றுதான் கட்டுகிறார்கள், அங்கே கணக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அமெரிக்காவில் 2018-இல் மட்டும் 41 லட்சம் டன் டயப்பர் குப்பை வந்ததாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி நிலத்தில் புதைக்கப்பட்டது.

துணி நல்லதா, டயப்பர் நல்லதா என்பதைப் பிரிட்டன் அரசு தரப்பில் விரிவாக ஆராய்ந்தார்கள். 2008-இல் வந்த அறிக்கையின்படி இரண்டரை வருடத்துக்கு டயப்பர் கட்டினால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியேறும், துணி கட்டினால் 570 கிலோ. 'பார்த்தாயா, இரண்டும் ஒன்றுதான்' என்று டயப்பர் பக்கம் பேசுகிறவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே அறிக்கை மேலும் சொல்வது: துணியை மெஷின் நிறையச் சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் அந்த 570-இல் 200 கிலோ குறையும். டிரையரில் காயவைத்துக்கொண்டே இருந்தால் நிலைமை தலைகீழ். 2023-இல் வந்த புதிய பிரிட்டன் ஆய்வு, துணியின் கார்பன் சுமை ஏறத்தாழ கால் பங்கு குறைவு என்கிறது. நம் ஊரில் டிரையர் எத்தனை வீட்டில் இருக்கிறது? வெந்நீரில் துவைக்கிறவர்கள் எத்தனை பேர்? மொட்டை மாடி வெயில் இலவசம். தண்ணீர்தான் நம் பக்கத்துச் சிக்கல். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் சென்னைக் குடித்தனத்திடம் போய்த் துணிதான் உத்தமம் என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் இந்த ஆய்வுகளில் தெரியாத ஒன்று இருக்கிறது. அவை குப்பை ஒழுங்காகப் போய்ச் சேரும் நாட்டுக்குப் போட்ட கணக்கு. இங்கே டயப்பர் கருப்புக் கவரில் முடிச்சுப் போட்டு மக்கும் குப்பையோடு போகிறது. தரம் பிரிக்கும் கொட்டகையில் அந்த முடிச்சை அவிழ்ப்பது ஒரு பெண்ணின் கை. பாதி நேரம் கையுறை கிழிந்திருக்கும், அல்லது இருக்காது. வண்டியில் அழுத்தி வரும்போதே டயப்பர் பிய்ந்து, ஜெல் வெளியே வந்து, பால் கவர், அட்டைப்பெட்டி, காகிதம் எல்லாவற்றிலும் அப்பியிருக்கும். விலைக்குப் போக வேண்டிய அட்டை அந்த நிமிடமே ஒன்றுக்கும் ஆகாததாகிவிடும். தெருத்தொட்டியில் போட்டால் நாய் இழுத்துப் போட்டுக் குதறும். டாய்லெட்டில் போட்டால் குழாய்க்குள் ஊதி அடைத்துக்கொள்ளும், அதை எடுக்க ஒரு மனிதர் சாக்கடைக்குள் கை விட வேண்டியிருக்கும். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. அடைப்பை உண்டாக்கும் நம் பழக்கம் அதற்குப் பிறகும் மாறவில்லை. கார்பன் கணக்கை விட எனக்கு இதுதான் பெரிய கேடாகத் தெரிகிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் டயப்பரும் நாப்கினும் சானிட்டரி கழிவு என்று தனியாகக் குறிக்கப்பட்டன. தயாரிக்கும் கம்பெனிகள் மறுசுழற்சி செய்யக்கூடிய பொருளில் செய்யப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை தர வேண்டும் என்றது விதி. நீங்கள் கடைசியாக வாங்கிய பாக்கெட்டில் அந்த உறை இருந்ததா என்று பாருங்கள். புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவான 'ஸ்வச்', 2013-இலேயே இதற்கு ஒரு போராட்டம் நடத்தியது. பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் மூட்டை கட்டித் தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். பின்னால் அவர்கள் கொண்டுவந்த சிவப்புப் புள்ளி முறை எளிமையானது: செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டால், கையில் எடுப்பவருக்குப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும்.

டயப்பர் ஒரு ஆற்றை என்ன செய்யும் என்பதற்கு இந்தோனேசியாவைப் பார்க்கலாம். கிழக்கு ஜாவாவில் ஓடும் பிரந்தாஸ், சுரபாயா நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறு. அந்தப் பக்கத்து மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: டயப்பரை எரித்தால் கட்டியிருந்த குழந்தையின் தோல் சிவந்து வெந்துபோகும். குப்பையில் போட்டால் யாராவது எரித்துவிடுவார்களே? அதனால் பாலத்தில் பைக்கை நிறுத்தி, பையோடு ஆற்றில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆற்றில் போட்டால் குழந்தைக்குக் குளிர்ச்சி என்று மனசுக்கு நிம்மதி. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தோனேசிய நகரங்களின் நீர்நிலைகளில் எடுத்த குப்பையில் எடைக்கணக்கில் 21 சதவீதம் டயப்பர். மக்கும் குப்பைக்கு அடுத்த இடம். பிளாஸ்டிக் பையே அதற்குப் பின்னால்தான். எகோட்டான் என்ற அமைப்பின் ஆட்கள், பாதுகாப்பு உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பாலத்தடியில் இறங்கி டயப்பரை வாரி எடுக்கும் படையே அமைத்தார்கள். அந்த அமைப்பை நிறுவிய பிரிகி அரிசாந்தி, ஆற்று மாசுக்கு எதிரான வேலைக்காக 2011-இல் கோல்ட்மேன் விருது பெற்றவர். மூடநம்பிக்கை என்று சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. குப்பை வண்டி ஒழுங்காக வராத ஊரில் ஒரு தாய் தன் குழந்தையை நினைத்து எடுக்கும் முடிவு அது. வண்டி வந்தால் பழக்கம் மாறும்.

வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ககோஷிமா மாகாணத்தில் ஒசாகி என்ற சிற்றூர். அங்கே குப்பை எரிக்கும் உலையே கிடையாது. பக்கத்து ஷிபுஷி நகரத்தோடு பங்குபோட்ட புதைகுழி நிரம்பிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் இருபதுக்கும் மேற்பட்ட வகையாகக் குப்பையைப் பிரிக்க ஆரம்பித்து, இன்று எண்பது சதவீதத்துக்கு மேல் மறுசுழற்சி செய்கிறார்கள். மிஞ்சிய குப்பையில் பெரும் பங்கு டயப்பர். டயப்பர் தயாரிக்கும் யூனிசார்ம் கம்பெனி 2016-இல் ஷிபுஷியோடு சோதனையைத் தொடங்கியது, ஒசாகி பின்னர் சேர்ந்துகொண்டது: டயப்பரைத் தனியாகச் சேகரித்து, நறுக்கிக் கழுவி, கூழ், ஜெல், பிளாஸ்டிக் என்று பிரித்து, கூழை ஓசோன் வாயுவால் கிருமி நீக்கி வெளுக்கிறார்கள். அந்தக் கூழ் மறுபடி டயப்பருக்குள்ளேயே போகிறது. இதே நாட்டின் ஃபுகுவோகா மாகாணத்து ஒமுதா நகரில் 2005-இலிருந்து ஓர் ஆலை டயப்பர் கூழைக் கட்டடப் பொருளாக்குகிறது. டொட்டோரி மாகாணத்தில் ஹோகி என்ற ஊர் டயப்பரை உலர்த்தி எரிகட்டியாக்கிப் பொதுக் குளியல் நிலையத்தின் பாய்லருக்குப் போடுகிறது.

ஐரோப்பாவிலும் முயற்சிகள் உண்டு. வேல்ஸில் அபெரிஸ்ட்வித்துக்கும் கார்டிகனுக்கும் இடையே ஏ487 சாலையில் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்கு 2022-இல் தார் போட்டபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டயப்பர்களிலிருந்து பிரித்த நாரைத் தாரோடு கலந்தார்கள். வழக்கமாக அதற்குப் புது நார் சேர்ப்பார்கள். இத்தாலியில் ட்ரெவிசோ அருகே 2017-இல் திறந்த ஆலை, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கிப் பிரிப்பது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2021-இல் டயப்பர் ஜெல்லை, ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத் தாள்களில் தடவும் ஒட்டுப்பசையாக மாற்றிக் காட்டினார்கள்.

அப்புறம், கேள்வியில் வந்த பூந்தொட்டி. டயப்பரைச் சிமெண்டில் முக்கித் தொட்டி செய்வது இந்தோனேசியாவில் பிரபலம், அதைப் பார்த்து இங்கும் வீடியோ வந்துவிட்டது. அதன் பின்னால் உண்மையான ஆராய்ச்சியும் இருக்கிறது. ஜப்பானின் கிடாக்யூஷூ பல்கலைக்கழகத்தில் இந்தோனேசிய ஆய்வாளர் சிஸ்வந்தி சுரைடாவும் சகாக்களும், டயப்பரைக் கழுவி, உலர்த்தி, கிருமி நீக்கித் துண்டாக்கி, மணலுக்குப் பதிலாகக் காங்கிரீட்டில் சேர்த்துப் பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். 36 சதுர மீட்டர் ஒற்றை மாடி வீட்டுக்குத் தேவையான மொத்த மணலில் 8 சதவீதம் வரை மாற்றலாம். பாரம் தாங்காத தடுப்புச்சுவரின் சாந்தில் 40 சதவீதம் வரை போகலாம், தரைக்கு 9-க்கு மேல் கூடாது. அதாவது பாரமும் தேய்மானமும் கூடக் கூட டயப்பர் பங்கு குறைகிறது. ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதி, சிமெண்ட் இறுகிய பின் சுருங்கினால் உள்ளே ஓட்டை விடும் என்பது அதற்கு ஒரு காரணம். வீட்டில் செய்கிறவர் யாரும் அந்தக் கிருமி நீக்கத்தைச் செய்வதில்லை. வாளியில் அலசி, அந்த மலத்தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு ஆரம்பிக்கிறார்கள். குழந்தைகளின் மலத்தில் போலியோ சொட்டு மருந்தின் வைரஸ் உட்பட எத்தனையோ வெளியேறும். தொட்டி உடைந்தாலும் பிளாஸ்டிக் நார் தோட்டத்து மண்ணில் கிடக்கும்.

'சிறுநீர் மட்டும்தானே, செடிக்கு நைட்ரஜன்' என்பது அடுத்த வாதம். நைட்ரஜன் இருப்பது நிஜம். கூடவே சோடியமும் இருக்கிறது, சிறுநீரில் கொஞ்சம், ஜெல்லிலேயே நிறைய. மண்ணில் சோடியம் ஏறினால் களி இறுகித் தண்ணீர் இறங்காது, இலை நுனி கருகும். விவசாயத்துக்கு விற்கும் நீர்பிடிப்பு ஜெல் வேறு பொருள். பொட்டாசியம் உப்பில் செய்தவை உண்டு, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஹைட்ரோஜெல் செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது. மாடித் தோட்டத்துக்கு ஈரம் நிற்க வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், அல்லது தென்னை நார்க்கழிவு போதும், மலிவு. மெக்சிகோ நகரத்தின் பெருநகரத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் டயப்பர் மேல் சிப்பிக் காளான் வளர்த்திருக்கிறார்கள். காளான் கூழைத் தின்று எடையைப் பெருமளவு குறைத்துவிடும், பிளாஸ்டிக் அப்படியே நிற்கும். வீட்டில் வளர்த்துக் குழம்பு வைக்கிற சமாசாரம் இல்லை அது.

மிஞ்சிப்போன புது டயப்பர்தான் உண்மையில் கைவேலைக்கு ஏற்றது. குழந்தை சட்டென்று வளர்ந்து, சிறிய சைஸில் அரைப் பாக்கெட் நின்றுபோகாத வீடே இல்லை. முதலில் அதே வயதில் குழந்தை உள்ள வீட்டைத் தேடுங்கள். வேலை செய்ய வரும் அக்காவின் பேரனுக்கோ, பக்கத்து அங்கன்வாடிக்கோ அது நேரடியாகப் பயன்படும். யாரும் இல்லையென்றால், தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்க நல்ல ஐஸ் பை, வளைந்து கொடுக்கும், உருகினாலும் ஒழுகாது. உள்ளே ஜெல் இருப்பதால் குழந்தை கடிக்கும்படி விடாதீர்கள். ஏசியின் உள்பெட்டி சொட்டினால், வாஷிங் மெஷின் குழாய் கசிந்தால், மழையில் ஜன்னல் ஓரம் ஒழுகினால் மெக்கானிக் வரும்வரை அடியில் விரித்து வைக்கலாம். ஊட்டியிலிருந்து ரோஜா நாற்று எடுத்து வருகிறீர்களா? டயப்பரை லேசாக நனைத்து வேர்மண்ணைச் சுற்றிக் கட்டிவிட்டால் பஸ்ஸில் இரவு முழுக்க வாடாது. கண்ணாடிப் பாத்திரம் பார்சல் கட்டவும் ஆகும். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றலாமா என்றால், சுற்றலாம், அடி படாது. ஆனால் எண்ணெய் ஒழுகினால் ஜெல் அதைக் குடிக்காது, கூழ் மட்டும் கொஞ்சம் பிடிக்கும். குரோட்டன்ஸ் மாதிரி அழகுச் செடித் தொட்டியில் ஜெல் போட்டே பார்க்க வேண்டுமென்றால், முதலில் தண்ணீரில் ஊதவைத்து ஒரு கைப்பிடி மண்ணோடு கலக்குங்கள். உலர்ந்த துகளாகப் போட்டால் தண்ணீர் விட்டதும் ஊதி, மண்ணையும் செடியையும் தொட்டிக்கு வெளியே தள்ளும். கீரை, தக்காளிக்கு வேண்டாம்.

குப்பையைக் குறைக்கிற வழி என்றால் மறுபடி துணியிடம்தான் வர வேண்டியிருக்கிறது. அப்பாவின் நைந்த பருத்தி வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டுவதை விட மலிவான, சீக்கிரம் காயும் நாப்பி இன்னும் வரவில்லை. பாலியஸ்டர் கலந்த வேட்டி ஈரம் இழுக்காது, அதை எடுக்காதீர்கள். குழந்தை வளர்ந்த பிறகு அதே துணி அடுப்படித் துணியாகி, அப்புறம் தரை துடைக்கப் போகும். கடையில் விற்கும் நவீனத் துணி டயப்பர் வசதியானது, ஆனால் அதன் வெளியுறையும் பல சமயம் உள்மடிப்பும் பாலியஸ்டர்தான், துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிரும். அதைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கி ஊற்றினால் உறிஞ்சுவது குறையும். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது. அப்போதும் ராத்திரியிலும் பயணத்திலும் டயப்பர், பகலில் துணி என்று வைத்துக்கொண்டாலே குப்பை பாதிக்கு மேல் குறைந்துவிடும். கழுத்து நின்ற பிறகு, பால் குடித்துச் சற்று நேரத்தில், பாட்டி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்பாரே, அது ஒரு நாளைக்கு இரண்டு டயப்பரை மிச்சப்படுத்தும். 'மூங்கில்', 'மக்கும்' என்று அட்டையில் எழுதிய டயப்பர் வாங்கினால், எந்தப் பகுதி மூங்கில் என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மேல்துணி மட்டும்தான், உள்ளே அதே ஜெல். மக்குவதும் ஆலை உரக்கிடங்கின் சூட்டில், நம் வீட்டு உரத்தொட்டியில் இல்லை.

போடும்போது மலத்தை டாய்லெட்டில் தட்டிவிட்டு, டயப்பரை இறுக்கச் சுருட்டி, அதன் பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். பிளாஸ்டிக் கவர் தேவையில்லை. 2026-இல் வந்த புதிய விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பையோடு சானிட்டரி கழிவையும் தனி வகையாகவே பிரிக்கச் சொல்கின்றன, ஆகவே 'தனியா வாங்க மாட்டோம்' என்று யாராவது சொன்னால் அதைச் சுட்டிக்காட்டலாம். கிராமத்தில் தூய்மைக் காவலரிடம் சொல்லிக் கொடுங்கள். கொல்லையில் எரிக்காதீர்கள், நனைந்த டயப்பரின் எடையில் பெரும்பகுதி தண்ணீர், சரியாக எரியாமல் புகைதான் வரும்.

வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருந்தால் கணக்கு இன்னும் பெரியது. ஜப்பானில் ஓஜி என்ற கம்பெனி 2024-இல் உள்நாட்டுக்குக் குழந்தை டயப்பர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் டயப்பருக்கு மாறிவிட்டது. அங்கே போல இங்கும் முதியவர் எண்ணிக்கை ஏறுகிறது. பெரியவர் டயப்பர் ஒன்று குழந்தை டயப்பர் பலவற்றின் எடை இருக்கும். பகலில் ஆள் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் ரப்பர் ஷீட்டின் மேல் துவைக்கக்கூடிய படுக்கை விரிப்பும் பருத்தித் துணியும் போட்டு, இரவுக்கு மட்டும் டயப்பர் கட்டலாம். மிஞ்சிய குழந்தை டயப்பரை வெட்டி விரித்து, விரிப்புக்கு மேல் ஈரம் இழுக்க வைக்கலாம். எதை வைத்தாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும்.